கேட்டுக் கேட்டு எழுதிய சுயசரிதை

குன்னூரில் எல்லோரும் அவரை எம்.பி. ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் பழகிய காலத்தில் அவர் எம்.பி. இல்லை. ஒரே ஒரு தடவை ராஜ்யசபையில் இருந்துவிட்டு, மனைவியின் ஊருக்கு வந்து, ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள சரிவில் ஓட்டு வீடு ஒன்றில் குளிருக்குப் பயந்துகொண்டு வாழ்ந்தார். வேட்டி, ஸ்வெட்டர், பழுப்பு மப்ளர். அந்த மப்ளரை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக அது கழுத்தில் கிடக்கும். வெட்கம் வந்தால் மோவாய்க்கு ஏறும். ரொம்ப வெட்கம் என்றால் வாயை மூடும். கடைகளில் வெப்பமானி விற்கிறார்களே, அது மாதிரி அவரிடம் ஒரு வெட்கமானி இருந்தது. என்னிடம் அப்படி எதுவும் கிடையாது. என் வேலைக்கு அது இருந்தால் சோறு கிடைக்காது.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் ஒரே நடைதான். மாப்பிள்ளையையும் செத்தவரையும் ஒரே மாதிரி "குணக்குன்று" என்று போடுவேன். யாரும் புகார் சொன்னதில்லை. மாப்பிள்ளை அவசரத்தில் இருப்பார். மற்றவருக்கு அவசரமே கிடையாது.

ஒரு நாள் காலையில் இவர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க, மளிகைக் கடைக்காரருக்கு அஞ்சலி எழுதினது நீங்கதானுங்களா?"

"ஆமாங்கய்யா."

"'இல்லை என்று வந்தவர்க்கு இல்லை என்னாத வள்ளல்'னு போட்டிருந்தீங்க."

"ஆமாங்க."

"அவரு ஊட்டுல கேட்டுட்டுப் போட்டீங்களா?"

"அவங்க நாலு வரிதாங்க சொன்னாங்க. எடம் மிச்சமிருந்துச்சு. நானா கொஞ்சம் சேத்திக்கிட்டேன்."

"நல்லா இருந்துச்சுங்க. அந்த மனுசன் படிச்சிருந்தா யாரோ பாவம் நல்லவரு செத்துட்டாருன்னு அழுதிருப்பாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானொரு புஸ்தகம் எழுதலாம்னு இருக்கறேன். கூட ஒக்காந்து எழுதித் தர்றீங்களா?" என்றார். அப்போதே மப்ளர் மோவாய்க்கு வந்துவிட்டது.

அவர் வீட்டில் ஓர் அலமாரி நிறைய முன்னாள் எம்.பி.க்கள் எழுதிய சுயசரிதைகள் இருந்தன. கூட இருந்தவர்கள், அவருக்கு முன்னால் இருந்தவர்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. நான் புரட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் தனித்தனியாக இந்த நாட்டைக் காப்பாற்றியிருந்தார்கள். இத்தனை பேர் காப்பாற்றியும் இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்து, நடுவில் செருகியிருந்த பஸ் டிக்கெட்டைப் பிடித்துத் திறந்து என்னிடம் நீட்டினார்.

அதில் ஒரு பெரிய மனிதர், ஏழைகளைப் பற்றித் தாம் அவையில் பேசிய பேச்சை வர்ணித்திருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த தமிழக உறுப்பினர் ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் விட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம்.

"அது நானுங்க" என்றார்.

"அழுதீங்களா ஐயா?"

"எனக்கு அன்னைக்குச் சளிங்க. டில்லிக் குளிரு ஒத்துக்கல. மூக்கு ஒழுகிட்டே இருந்துச்சு. அவரு என்ன பேசினாருன்னே எனக்குத் தெரியாது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்களே."

இதுதான் அவருடைய ஆதி வெட்கம். தன் சளி இன்னொருவருடைய புகழாக அச்சாகிவிட்டதில் அவருக்கு அவ்வளவு கூச்சம். அதனால் தன் புத்தகத்துக்கு ஒரு விதி வைத்தார். புத்தகத்தில் யார் வந்தாலும் அந்தப் பகுதியை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் அச்சு. இல்லை என்றால் அங்கேயே அடித்துவிட வேண்டும்.

"உலகத்துல எந்த எம்.பி.யுங்கய்யா இப்படி எழுதறாரு?" என்று கேட்டேன்.

"மத்தவங்களுக்கு ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்பினாங்க. நம்மளக் கட்சியில பேரு சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்குன்னு ஒரு ஆளு ஓட்டுப் போட்டதில்லீங்க. அதனால நான் எல்லார்த்தையும் கேட்டுத்தானுங்க ஆகோணும்" என்றார்.

இந்த விதியால் என் இலக்கியத்துக்கு ஏற்பட்ட சேதத்தை என்னவென்று சொல்வது. ஒரு படுகர் ஊரில் ஓடைப் பாலத்தை அவர் திறந்துவைத்ததை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். ஓடை அதில் சிலம்பொலி எழுப்பியது. மேகங்கள் அவருக்குக் குடை பிடித்தன. அந்த ஊருக்குப் போய், பெரியவர் ஒருவர் முன்னால் நான் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாலம் போன எம்.பி. காலத்துலயே கட்டினது. திறக்க ஆளு கெடைக்கல. நீங்க கல்யாணத்துக்கு வந்தீங்க, அப்படியே திறந்துட்டுப் போங்கன்னோம். கத்திரி மொட்டை. ரிப்பன் வெட்டல. எங்க ஊட்டுக்காரி புல்லறுக்கிற அருவாளக் குடுத்தா."

எம்.பி. ஐயாவுக்கு முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. "ஆமாங்க, ஆமாங்க, அருவா! மறந்தே போயிட்டேன் பாருங்க" என்றார். மூன்று பக்கமும் போயிற்று. புத்தகத்தில் அந்தப் பெண்மணியின் அரிவாள் மட்டும் நின்றது.

அவருடைய மனைவிக்கு வாசித்துக் காட்டியது அதைவிட மோசம். "என் பொதுவாழ்வின் ஒவ்வொரு படியிலும் தோளோடு தோள் நின்றாள்" என்று எழுதியிருந்தேன். அந்த அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார்.

"நானெங்க நின்னேன்? இவரு டில்லிக்குப் போனாரு. நான் இங்க மாட்டுக்குப் புல்லறுத்துட்டு இருந்தேன். தோளு எங்க, தோளு எங்க? ஏந்தம்பி, ரயில்ல போனாலே டில்லிக்கு எத்தன நாளாகுது, அத்தன நீளத் தோளா எனக்கு?"

"என்னன்னு போடட்டுங்க அம்மா?"

"மாட்டப் பாத்துக்கிட்டான்னு போடு."

அப்படியே போட்டோம். அவரைப் பதவியில் அமர்த்திய தலைவரைப் பற்றிய அத்தியாயம்தான் நான் எழுதியதிலேயே உச்சம். ஆனால் தலைவர் காலமாகிவிட்டார். "கேக்கறதுக்கு ஆளில்லீங்களே" என்று சொல்லி, அத்தியாயம் முழுவதையும் நான்காக மடித்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டார். புத்தகம் எழுத எழுதச் சிறுத்துக்கொண்டே போனது. நான் பார்த்த வேலைகளிலேயே செய்யச் செய்யக் குறைந்த வேலை இது ஒன்றுதான்.

இவ்வளவு கூச்சமுள்ள மனிதருக்கும் பெருமை ஒன்று இருந்தது. டில்லியில் தான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்பார்.

சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, உனக்கு இவ்வளவு பேர் எனக்கு இவ்வளவு பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்குக் காகிதத்தில் "தாயகம் திரும்பியோர்" என்று பெயர். அவர்களில் பாதிப்பேர் தாயகத்தை அதற்குமுன் கண்ணால் பார்த்ததில்லை. பாட்டன் காலத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள். திரும்பினவர்களைக் கரையோர முகாமில் வைத்து, பிறகு நீலகிரியில் காட்டை வெட்டித் தேயிலை போட்ட அரசாங்கத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

எம்.பி. ஐயா அந்த முகாமுக்குப் போயிருக்கிறார். மற்றவர்கள் அதிகாரிகளிடம் பேசிவிட்டுத் திரும்பியபோது இவர் மட்டும் வரிசையில் நின்றவர்களிடம் போய், "சந்தோஷமா வந்தீங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். சந்தோஷம் என்றார்கள். டில்லிக்குப் போய் அவையில் எழுந்து நின்று, "அவர்கள் மகிழ்ச்சியோடு வந்திருக்கிறார்கள். நான் நேரில் கேட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். மேசையைத் தட்டினார்களாம். அவருக்காக அந்த மேசைகள் தட்டப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"அலமாரியில இருக்கற அத்தன பேரும் கேக்காமச் சொன்னவங்க. நான் கேட்டுட்டுச் சொன்னேனுங்க" என்பார். அப்போது மட்டும் மப்ளர் கழுத்தைவிட்டு இறங்கி மார்பில் தொங்கும்.

அந்த அத்தியாயத்துக்கு "தாய்மடி தேடி வந்த சேய்கள்" என்று தலைப்பு வைத்தேன். அலை தாலாட்டியது. கப்பல் தொட்டிலானது. விதிப்படி இதையும் வாசித்துக் காட்ட, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பஸ்ஸில் ஏறி, வழியில் இருந்த அரசாங்கத் தோட்டம் ஒன்றில் இறங்கினோம்.

லயத்து வாசலில் ஒரு பெஞ்சியைத் தூக்கிவந்து போட்டார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த அறைகளை அவர்கள் சிலோனில் சொன்ன மாதிரி லயம் என்றே சொன்னார்கள். இருபது முப்பது பேர் கூடினார்கள். பால் இல்லாத தேத்தண்ணி வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். ஆம்பளை கோட்டு ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவளுக்கு இவரை ஞாபகம் இருந்தது. "முகாமுக்கு வந்த ஐயாதானுங்க" என்று மற்றவர்களிடம் சொன்னாள். ஐயாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

நான் வாசித்தேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் "சரிதானுங்களா?" என்று ஐயா கேட்டார்.

"சரிங்கய்யா" என்றார்கள். எல்லோரும். ஒரே குரலில்.

எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. முதல்முதலாக என் பக்கங்கள் முழுசாகப் பிழைத்திருந்தன. இவர்களல்லவா வாசகர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஐயா பெஞ்சியில் நெளிந்தார்.

"ஒண்ணும் மாத்த வேண்டியதில்லீங்களா? எதாச்சும் தப்பா இருந்தாச் சொல்லோணும்."

"இல்லீங்கய்யா. சரிங்க."

"இன்னொருக்கா வாசிங்க" என்றார் என்னிடம்.

இரண்டாம் தடவை வாசிக்கும்போதுதான் எனக்குக் குறும்பு ஏறியது. அது என் வியாதி. துக்க வீட்டிலும் வரும். கப்பல் வரும் இடத்தில், காகிதத்தில் இல்லாததைக் குரல் மாறாமல் சேர்த்து வாசித்தேன்: "கப்பலிலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு யானை வழங்கப்பட்டது. அதன் முதுகில் அமர்ந்தபடியே அவர்கள் தாயகத்தின் கரையைக் கண்டார்கள்."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் தலையை ஆட்டினார். வாசித்து முடித்ததும் அதே குரல், அதே மரியாதை: "சரிங்கய்யா."

நான் சிரித்துக்கொண்டே ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, கப்பல்ல யானை இருந்துச்சுங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்கய்யா."

"பின்ன சரின்னீங்களே?"

"தம்பி பேப்பரப் பாத்து வாசிச்சுச்சு. பேப்பருல இருந்தா இருந்துட்டுப் போவட்டும்னு சரின்னோம். இல்லேன்னு சொன்னா அழிச்சிருவாகளா?"

"அழிப்பேனுங்க. அதுக்குத்தானுங்க வந்தேன்."

"அழிச்சு நாங்க பாத்ததில்லீங்கய்யா" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள். "தோட்டத்துல கிளாக்கரய்யாதான் பேப்பரு எழுதுனாரு. யாருக்கு இந்தியா, யாருக்கு அங்கனன்னு. எழுதிட்டு வாசிச்சாரு. சரியான்னாரு. சரின்னு கைநாட்டு வச்சேன். என் தங்கச்சி எனக்குப் பின்னால நின்னுச்சு. அது புருசன் வீட்டுப் பேப்பருல. அதையும் வாசிச்சாரு. அதுவும் சரின்னுச்சு. நான் இங்கன. அது அங்கன. கண்டி ஆபீசுல மறுக்கா வாசிச்சாக. அப்பயாச்சும் சொல்லியிருக்கலாம். பேப்பர வச்சுக்கிட்டு ஒருத்தர் நின்னா வாயில வேற வரமாட்டேங்குதுங்க."

நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். வைத்த பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஐயா கேட்டார். கேட்காமல் அவரால் இருக்க முடியாது. "முகாமுல நான் சந்தோஷமான்னு கேட்டேனுங்களே?"

"கேட்டீங்க."

"சந்தோஷம்னு சொன்னீங்களே அம்மிணி?"

"கையில பேப்பரு வச்சிருந்தீகளே ஐயா."

அவ்வளவுதான் சொன்னாள். பக்கத்தில் நின்ற கிழவர் தேவையில்லாமல் விளக்கினார்: "இல்லேன்னு சொன்னா திருப்பி அனுப்பிருவாகளோன்னு ஒரு பயங்க. அங்கிட்டு நாங்க குடியிருந்த லயத்துக் காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துட்டாக."

மப்ளர் மூக்குக்கு ஏறியது. மூக்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் அந்த லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ அவருக்குக் குளிர்கிறது என்று நினைத்து இன்னொரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்தார்கள்.

திரும்பி வரும் பஸ் குன்னூரில் நின்றது. இறங்கும்போது சொன்னார்: "அது ரயில் டைம் எழுதின காகிதமுங்க. முகாம்ல என் கையில இருந்தது. சாயங்காலம் எந்த வண்டியப் பிடிக்கறதுன்னு எழுதி வச்சிருந்தேன்."

"அவங்களுக்கு எப்படீங்கய்யா தெரியும்."

"அதத்தான் சொல்றேனுங்க. டில்லியில நான் சொன்னத எழுத்தா அடிச்சு வச்சிருக்காங்க. அங்க போயி யாரும் அழிக்க முடியாது." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றார். "அந்தச் சளிப் புஸ்தகம் எழுதினவரத் தப்பாப் பேசிட்டேன். அவரு கேக்காம ஒருத்தனை அழ வச்சாரு. நான் கேட்டு, அத்தன பேரையும் சிரிக்க வச்சுட்டேன்."

மறுநாள் நான் போனபோது அந்த அத்தியாயத்தை அவரே எழுதிக்கொண்டிருந்தார். என்னிடம் பேனாவைத் தரவில்லை. அரைப்பக்கம். அதில் என் பங்கு ஒரு முற்றுப்புள்ளிகூடக் கிடையாது. அதனால்தான் இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்.

"முகாமில் அவர்களிடம் மகிழ்ச்சியா என்று கேட்டேன். மகிழ்ச்சி என்றார்கள். அவையில் சொன்னேன். மேசையைத் தட்டினார்கள். வேறு பதில் சொல்ல வழியில்லாதவர்களிடம் கேட்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். தங்கையை விட்டுவிட்டு வந்த ஒருவரை மகிழ்ச்சியோடு வந்தவர் என்று நாட்டுக்குச் சொன்னவன் நான்."

இதைக் கேள்விப்பட்டு அவருடைய கட்சி நண்பர் ஒருவர் ஓடிவந்தார். வெளியீட்டு விழாவுக்கு ஹால், மைக், மாலை எல்லாம் அவர் ஏற்பாடு. முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளப்போவதும் அவர்தான்.

"எதுக்குங்கண்ணா இது? நம்ம பேர நாமளே கெடுத்துக்கறதா? சுயசரிதைங்கறதே நாம என்ன செஞ்சோம்னு சொல்லறதுக்குத்தானுங்க."

"செஞ்சதத்தான் சொல்லியிருக்கறேன்."

"மேசை தட்டினதோட நிறுத்திக்கோங்கண்ணா. அது உண்மைதானுங்க? தட்டினாங்கல்ல?"

"தட்டினாங்க. அதுதானுங்க எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"நீங்க வேணும்னா சொன்னீங்க? அவங்க சொன்னாங்க, நீங்க சொன்னீங்க. சும்மா இருக்கறவங்களத் தேடிப்போயிக் கெளறிட்டு வந்திருக்கறீங்க" என்றவர் என்னைப் பார்த்து, "நீ என்னத்துக்குத் தம்பி யானையெல்லாம் விட்டே?" என்றார். விஷயம் அதற்குள் ஊருக்குள் பரவியிருந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் குன்னூர் பஜாரில் எனக்கு யானைதான் பட்டப்பெயர்.

"முதல் பிரதிய அந்த அம்மிணி வாங்கட்டுங்க" என்றார் ஐயா. நண்பர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். ஆனால் மைக்குக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டதால் விழா நின்றுபோகவில்லை.

விதிப்படி அந்த அரைப்பக்கத்தையும் சம்பந்தப்பட்டவளுக்குச் சொல்ல வேண்டுமே. மறுபடி கோத்தகிரி பஸ். தோட்டத்து ஸ்டாப்பில் இறங்கியதும், "காகிதமெல்லாம் உங்ககிட்ட இருக்கட்டும். பேனாவும் வச்சுக்கோங்க. நீங்களும் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் வெறுமனே வீசிக்கொண்டு மேட்டில் ஏறினார். கையில் ஒன்றும் இல்லை என்று தெரிகிற மாதிரி விரலை விரித்து வைத்துக்கொண்டு நடந்தார். பின்னாலிருந்து பார்க்க, நகச்சாயம் காய வைக்கிற கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் விவரம் வந்திருந்தது.

மூடுபனி இறங்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

"சொன்னீங்களா ஐயா?"

"வாயால சொன்னேன். மொத்தமும் சொன்னேன். விழாவுக்கு வரோணும்னும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சரிங்கய்யான்னாங்க" என்றார். பஸ் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. "இது எந்தச் சரின்னு எனக்குத் தெரியலீங்களே" என்றார்.

விழா அன்று நல்ல மழை. ஹாலில் பாதி நாற்காலி காலி. கட்சி நண்பர் வந்திருந்தார். கோபமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மயில் கழுத்து நிறத்தில் நல்ல சேலை, அதன்மேல் அதே ஆம்பளை கோட்டு. மேடையில் ஏறச் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மைக்கைப் பிடித்திருந்தவன் நான்தான். "முதல் பிரதியை இப்போது ஐயா அவர்கள் வழங்க..." என்று நீட்டி முழக்க ஆரம்பித்தேன்.

ஐயா மெல்லிய அந்தப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். எங்கள் அச்சகத்தில் அடித்ததிலேயே ஒல்லியான புத்தகம் அது. போட்டோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு குனிந்தார்.

அவள் புத்தகத்தை வாங்கவில்லை. சேலைத் தலைப்பில் இடதுகைப் பெருவிரலை நன்றாகத் துடைத்தாள். துடைத்துவிட்டு, அந்த விரலை நீட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எங்கனங்கய்யா வைக்கணும்?"

மைக் பக்கத்தில் இருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது. ஏதோ நன்றி சொல்கிறாள் என்று நினைத்துப் பின்வரிசையில் கைதட்டினார்கள். முன்வரிசையில் கட்சி நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிற நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். அதை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"எங்கயும் வேண்டாமுங்க அம்மிணி" என்றார் ஐயா. "இது உங்களுக்கு. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மழையில் நனையாமல் இருக்கக் கோட்டுக்குள் பத்திரமாக வைத்துப் பொத்தானைப் போட்டாள். பிறகு, தப்பு நேர்ந்துவிடக் கூடாதே என்கிற கவலையோடு கேட்டாள்.

"யாராச்சும் கேட்டா இதத்தான் காட்டணுங்களா ஐயா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்கு முன்பே மப்ளர் மூக்குவரை ஏறிவிட்டிருந்தது. உள்ளே என்ன சொன்னாரோ, மைக்குக்கே கேட்கவில்லை.